நெஞ்சுச் சளித் தொற்றுக்கு எந்த மாத்திரை?

இருமலும் சளியும் காய்ச்சலுமாகப் பெரியவர்களுக்கு வரும் நெஞ்சுத் தொற்று ஒரே நோய் அன்று. தொற்று மூச்சுக்குழல்களோடு நின்றுவிட்டால் அது மூச்சுக்குழல் அழற்சி. மருத்துவர்கள் அதை பிராங்கைட்டிஸ் என்பார்கள். குழல்களைத் தாண்டி, காற்று இரத்தத்தில் கலக்கும் நுண்ணறைகள் வரை இறங்கி அங்கே நீர் கோத்து இறுகினால் அது நிமோனியா. பல ஆண்டுகள் புகைபிடித்தோ விறகடுப்புப் புகையை உள்ளிழுத்தோ நுரையீரல் ஏற்கெனவே கெட்டுப்போனவருக்கு, இருந்த மூச்சுத்திணறல் சில நாளில் முற்றிவிடுவது மூன்றாவது வகை. மூன்றுக்கும் நோயாளி சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "நெஞ்சுல சளி கட்டியிருக்கு." மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரையும் பல நேரம் ஒன்றாகவே இருந்துவிடுகிறது. எந்த மாத்திரை மேல் என்று கேட்பதற்கு முன், வந்திருப்பது இந்த மூன்றில் எது என்று தெரிந்தாக வேண்டும்.

முதல் வகையான மூச்சுக்குழல் அழற்சியில் பெரும்பாலும் வேலை செய்வது வைரஸ். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் எதுவும் வைரஸைத் தொடாது. இது ஊகமன்று, அளந்து பார்த்த செய்தி. 12 ஐரோப்பிய நாடுகளில் 2,061 பெரியவர்களை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2013-இல் வெளிவந்தது. நிமோனியா என்ற சந்தேகம் இல்லாத, நெஞ்சுத் தொற்றோடு வந்தவர்கள் அவர்கள். ஒரு பாதிக்கு அமாக்சிசிலின் 1 கிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை ஏழு நாள். மறு பாதிக்குப் பார்வைக்கு அதே போன்ற மருந்தில்லா மாத்திரை. தொல்லை எத்தனை நாள் நீடித்தது, எவ்வளவு கடுமையாக இருந்தது என்ற இரண்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புதிதாகவோ கூடுதலாகவோ அறிகுறி தோன்றுவதை ஒருவருக்குத் தடுக்க 30 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அதே மருந்தால் 21 பேரில் ஒருவருக்குக் குமட்டலோ வயிற்றுப்போக்கோ தோல் தடிப்போ வந்தது. வயது 60 தாண்டியவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் தெளிவான பலன் தென்படவில்லை.

இருமல் எத்தனை நாள் இருக்கும் என்பதில் மக்கள் எதிர்பார்ப்புக்கும் உடலின் நடப்புக்கும் பெரிய இடைவெளி உண்டு. ஒரு வாரத்தில் நின்றுவிடும் என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், மருந்தில்லாமல் தானாக ஆறும் மூச்சுக்குழல் அழற்சியில் இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது. எட்டாம் நாள் "இன்னும் விடவில்லையே" என்று ஒரு மாத்திரை, பன்னிரண்டாம் நாள் வேறு மாத்திரை, பதினாறாம் நாள் இன்னொன்று என்று போகும்போது, கடைசியாக விழுங்கிய மாத்திரைக்கு இருமலை நிறுத்திய பெயர் போய்ச் சேருகிறது. அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடையில் கேட்பார்கள். தேவையற்ற மருந்துப் பழக்கம் வேரூன்றும் வழிகளில் இது முக்கியமானது.

மாத்திரைத் தேர்வு நோயைவிட ஊரின் வழக்கத்தைப் பொறுத்தே அமைகிறது என்பதற்கு 2009-இல் வெளியான இன்னோர் ஐரோப்பிய ஆய்வு சாட்சி. 13 நாடுகளில் 3,400-க்கும் மேற்பட்ட இருமல் நோயாளிகளை அது பின்தொடர்ந்தது. ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் ஓரிடத்தில் 20 விழுக்காடு, மற்றோரிடத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு. எழுதியவற்றில் அமாக்சிசிலினின் பங்கு நார்வேயில் மிகச் சொற்பம், இங்கிலாந்தில் மிகப் பெரும்பான்மை. நோயாளிகள் குணமடைந்த வேகம் மட்டும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

நிமோனியா வேறு கதை. அங்கே மருந்து உயிர்காக்கும் விஷயம், தாமதம் ஆபத்து. வீட்டிலிருந்தே வரும் நிமோனியாவுக்குக் காரணமான பாக்டீரியாக்களில் உலகெங்கும் முன்னிற்பது நிமோகாக்கஸ். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சே, மொராக்செல்லா ஆகியவை புகைபிடிப்பவர்களிடத்தும் கெட்டுப்போன நுரையீரல்களிலும் அதிகம். செல்சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா, செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிளமிடியா, தண்ணீர்த் தொட்டிகளிலும் குளிரூட்டும் கோபுரங்களிலும் வளரும் லெஜியோனெல்லா ஆகியவை மற்றொரு கூட்டம். இவை 'வழமை மீறிய' கிருமிகள் என்று தொகுத்துச் சொல்லப்படும். மாத்திரைகளின் ஒப்பீடு இந்த இரண்டு கூட்டங்களையும் சுற்றியே நடக்கிறது. எது நிமோகாக்கஸை உறுதியாகக் கொல்லும், எது வழமை மீறியவற்றையும் சேர்த்துக் கொல்லும் என்பதே கேள்வி.

அமாக்சிசிலின் 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பீச்சம் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த பென்சிலின் வகை மருந்து. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்வது இதன் வேலை. இரத்தத்தில் இதன் அளவு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கிருமியைக் கொல்லத் தேவையான அளவுக்கு மேல் மருந்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் இந்தக் குடும்பத்தின் வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஒரே வேளையில் அளவைக் கூட்டி விழுங்குவதால் அந்த மணிக்கணக்கு பெரிதாக நீளாது. எனவேதான் சீட்டில் மூன்று வேளை என்று எழுதப்படுகிறது. வேலைக்குப் போகிறவர் மதிய வேளையை விட்டுவிட்டு இரவில் இரண்டாகப் போட்டுக்கொண்டால், மருந்துக் கணக்கு சரியாகும், கிருமிக் கணக்கு சரியாகாது.

நிமோகாக்கஸ் பென்சிலினை எதிர்க்கும் விதத்திலும் ஒரு தனித்தன்மை உண்டு. மருந்து பிடித்துக்கொள்ளும் புரதத்தின் வடிவத்தை அது சற்று மாற்றிக்கொள்கிறது. பிடி தளர்கிறதே தவிர, முற்றாக நழுவுவதில்லை. அளவைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அமெரிக்காவில் 1 கிராம் மூன்று வேளை என்று சொல்லும் காரணம் அதுவே. அசித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடு மருந்துகளை எதிர்க்கும்போது நிமோகாக்கஸ் பலமுறை வேறு வழியை எடுக்கிறது: மருந்து ஒட்ட வேண்டிய ரைபோசோமின் இடத்தையே அது மூடிவிடுகிறது. அங்கே எத்தனை மாத்திரை விழுங்கினாலும் பலனில்லை. அமாக்சிசிலின் இத்தனை ஆண்டு கழித்தும் முதல் வரிசையில் நிற்பதற்கு இந்த வேறுபாடு ஒரு வலுவான காரணம்.

இந்தியச் சான்றும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முக்கியப் பங்காற்றிய, பல நகர மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய கண்காணிப்பு ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1999-இல் லான்செட் இதழில் வந்தன. கடுமையான தொற்று வந்தவர்களிடமிருந்து எடுத்த நிமோகாக்கஸ் கிருமிகளில் பென்சிலினுக்கு ஓரளவு அடங்காதவை 1.3 விழுக்காடு மட்டுமே. அன்று ஊர்தோறும் வாரி வழங்கப்பட்ட கோ-ட்ரைமாக்சசோலுக்கு அடங்காதவை 56 விழுக்காடு. அதன்பின் நிலைமை மாறியிருக்கிறது, பென்சிலினுக்கும் எதிர்ப்பு கூடியிருக்கிறது. ஆனாலும், எந்த மருந்தை அளவின்றிப் பயன்படுத்துகிறோமோ அதுதான் முதலில் கையைவிட்டுப் போகும் என்பதை அந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இந்திய மருத்துவத்தில் அரிது.

அமாக்சிசிலினுக்கு இரண்டு குறைகள். செல்சுவர் இல்லாத மைக்கோபிளாஸ்மாவிடம் அது செல்லாது. ஹீமோஃபிலஸில் ஒரு பகுதியும் மொராக்செல்லா பெரும்பாலும் முழுமையாகவும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அதைச் சிதைத்துவிடும். இரண்டாவது குறைக்குப் பரிகாரமாக வந்தது கிளாவுலானிக் அமிலம். அந்த நொதியைத் தன்மேல் இழுத்துக்கொண்டு அமாக்சிசிலினைக் காப்பாற்றுவது அதன் வேலை. இரண்டும் சேர்ந்த மாத்திரை 1981-இல் ஆக்மென்டின் என்ற பெயரில் வந்தது; இன்று நம் கடைகளில் '625' என்று எண்ணைச் சொன்னாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலமும் இருக்கின்றன. வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் அந்த 125-தான். அமாக்சிசிலின் போதவில்லை என்று எண்ணி ஒரே வேளையில் இரண்டு '625' போட்டுக்கொள்பவர் வயிற்றுப்போக்கையும் இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். கிளாவுலானிக் அமிலம் ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதனால்தான் தடித்த அலுமினிய அட்டையில் ஒவ்வொன்றாக மூடி வருகிறது. அட்டையிலிருந்து பிரித்து வாராந்திர மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பது தவறு. வயதான ஆண்களுக்குச் சில வாரம் கழித்து மஞ்சள்காமாலை வருவதும் இந்தச் சேர்க்கையின் அரிதான, ஆனால் அறிந்திருக்க வேண்டிய தீங்கு. உடலில் வேறு நோய் இல்லாத ஒருவரின் சாதாரண நிமோனியாவுக்கு இந்தச் சேர்க்கை தேவையில்லை. நிமோகாக்கஸிடம் கிளாவுலானிக் அமிலத்துக்கு வேலையே கிடையாது, ஏனெனில் அது அந்த நொதியைச் சுரப்பதில்லை.

டாக்சிசைக்கிளின் இன்று மலிவான, மறக்கப்பட்ட மருந்துபோலத் தோன்றும். அதன் வம்சத்தில் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தவர் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர். அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைமை அப்போது எல்லாப்பிரகட சுப்பாராவிடம் இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அவருடைய பெயரை இங்கே நினைவுகூராமல் தாண்டுவது நன்றன்று. அந்தக் குடும்பத்தில் 1967-இல் ஃபைசர் வெளியிட்ட டாக்சிசைக்கிளின் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மைக்கோபிளாஸ்மா என இரண்டு கூட்டத்தையும் தொடும். உடலில் நெடுநேரம் தங்குவதால் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு முதல் மாற்று இதுவே. எப்படி விழுங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். இரவில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்படியே படுத்தால், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கவே வலிக்கும். ஒரு தம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் நிமிர்ந்த நிலை, இவை இரண்டும் கட்டாயம். பாலோடும், இரும்புச் சத்து மாத்திரையோடும், அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெல்லோடும் சேர்த்தால் குடலிலேயே கட்டுண்டு இரத்தத்தில் சேராமல் போகும். வெயிலில் தோல் எளிதில் கருகும். வயலிலும் கட்டட வேலையிலும் நிற்பவர்களுக்கு இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும். கருவுற்றவர்களுக்கு இது ஆகாது.

மேக்ரோலைடுகளின் தொடக்கம் பிலிப்பைன்ஸ் மண்ணில். அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் இலோயிலோ பகுதி மண் மாதிரியை அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். 1952-இல் எரித்ரோமைசின் பிறந்தது. நான்கு வேளை விழுங்க வேண்டும், வயிற்றைப் பிசையும். இன்றும் பிரிட்டனில் கருவுற்ற பெண்களுக்குப் பென்சிலின் ஒவ்வாதபோது அதற்கு இடமுண்டு. கிளாரித்ரோமைசின் வயிற்றுக்குச் சற்று இதமானது. ஆனால் எரித்ரோமைசினைப் போலவே அதுவும் கல்லீரலில் மற்ற மருந்துகள் கரையும் பாதையை அடைத்துவிடும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையோடு சேர்ந்தால் தசை சிதையலாம், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். மூன்றாவதான அசித்ரோமைசின் அன்றைய யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகரில், பிளிவா நிறுவனத்தில் 1980-இல் உருவானது. அந்த அடைப்புத் தொல்லை அதற்கு மிகக் குறைவு; ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை; மூன்று நாளில் முடிந்துவிடும். இத்தனை வசதியும் ஒருங்கே அமைந்ததால் அது உலகையே ஆண்டது. இந்தியத் தனியார் சந்தையின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 2022-இல் வெளியான கட்டுரையின்படி, நாட்டில் மிக அதிகம் உண்ணப்பட்ட ஆன்டிபயாடிக் வடிவம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை. அடுத்தது செஃபிக்சிம் 200.

அசித்ரோமைசினின் வசதியே அதன் வினையுமாகிறது. உடலில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 68 மணி நேரம் பிடிக்கும். மூன்று நாளில் மாத்திரை முடிந்தாலும், அதன்பின் பல நாளுக்குக் கொல்லப் போதாத சிற்றளவு மருந்து திசுக்களில் தங்குகிறது. தொண்டையில் குடியிருக்கும் கிருமிகள் எதிர்ப்பைக் கற்றுக்கொள்ள அதைவிட ஏற்ற சூழல் இல்லை. அமெரிக்க வழிகாட்டி, நிமோகாக்கஸில் மேக்ரோலைடுக்கு அடங்காதவை 25 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும் ஊர்களில் மட்டுமே இதைத் தனியாகக் கொடுக்கலாம் என்கிறது. அந்த நாட்டின் பெரும்பகுதியில் அந்த எல்லை எப்போதோ தாண்டியாயிற்று. இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைச் சற்று நீட்டுவது இந்தக் குடும்பத்தின் மற்றொரு குணம். டென்னசியில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, அமாக்சிசிலின் உண்டவர்களோடு ஒப்பிட்டு, 10 லட்சம் அசித்ரோமைசின் சிகிச்சைக்கு 47 இதயநோய் இறப்புகள் கூடுதல் என்று 2012-இல் கணக்கிட்டது. ஏற்கெனவே இதயநோய் அபாயம் மிகுந்தவர்களிடம் அது 245. இளைஞருக்கு இது பெரிய எண் இல்லை. மாரடைப்பு வந்தவருக்கு, துடிப்பைச் சீராக்கும் மாத்திரை உண்பவருக்கு, இது புறக்கணிக்கத்தக்கதும் இல்லை.

செஃபிக்சிம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாயால் உண்டால் பாதிகூட இரத்தத்தில் சேராது. எதிர்ப்பு பெறத் தொடங்கிய நிமோகாக்கஸிடம் அது பலவீனமானது. டைஃபாய்டுக்கு அதற்கு ஓரிடம் உண்டு. நெஞ்சுத் தொற்றுக்கு அதை முதலில் எடுப்பதை எந்தச் சான்றும் நியாயப்படுத்தவில்லை. செஃபலோஸ்போரின் வேண்டுமென்றால் செஃபுராக்சிமோ செஃப்போடாக்சிமோ மேல். அவையும் மைக்கோபிளாஸ்மாவைத் தொடா.

குவினோலோன்களில் சிப்ரோஃபுளாக்சசின் நிமோகாக்கஸுக்குப் போதாது. லெவோஃபுளாக்சசினும் மாக்சிஃபுளாக்சசினும் இரண்டு கூட்டக் கிருமிகளையும் வலுவாகக் கொல்லும். லெவோஃபுளாக்சசின் வாயால் உண்டாலும் ஊசியில் போட்டதுபோல ஏறத்தாழ முழுவதும் இரத்தத்தில் சேர்கிறது. ஆற்றலை மட்டும் பார்த்தால் இவையே மிக வலிமையான வாய்வழி மருந்துகள். அப்படியிருந்தும் பல நாட்டு வழிகாட்டிகள் இவற்றைக் கடைசி வரிசையில் நிறுத்துகின்றன. குதிகால் தசைநார் அறுந்துபோகும் அபாயத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கட்டமிட்ட எச்சரிக்கை தரச் சொன்னது. 60 வயது தாண்டி, ஸ்டீராய்டும் சேர்ந்து உண்பவர்களுக்கு அது அதிகம். மூச்சுத்திணறல் முற்றிய முதியவருக்குப் பிரெட்னிசோலோனும் லெவோஃபுளாக்சசினும் ஒரே சீட்டில் எழுதப்படும்போது அந்த இரண்டு அபாயமும் ஒருவர்மேலேயே விழுகின்றன. வேறு வழி இருக்கும் பிராங்கைட்டிஸ், சைனஸ் தொற்று போன்றவற்றுக்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்லி 2016-இல் மீண்டும் ஓர் எச்சரிக்கை வந்தது. பெருந்தமனி வீங்கிக் கிழிதல், நீரிழிவு மாத்திரை உண்பவர்களுக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்தல் ஆகியவை 2018-இல் சேர்ந்தன.

இந்தியாவுக்கு இவற்றையெல்லாம் மீறிய ஒரு காரணம் இருக்கிறது: காசநோய். உலகக் காசநோயாளிகளில் கால்பங்குக்கு மேற்பட்டோர் இங்கே இருக்கிறார்கள். குவினோலோன்கள் காசக் கிருமியையும் கொல்லும். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமே ஆஃப்லாக்சசினையும் பின்னர் மாக்சிஃபுளாக்சசினையும் காசநோய்ச் சிகிச்சையில் சோதித்த இடம். இன்று மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சையில் மாக்சிஃபுளாக்சசின் ஒரு தூண். நிமோனியா என்று எண்ணி ஒருவருக்கு ஒரு வாரம் லெவோஃபுளாக்சசின் கொடுத்தால், உள்ளே இருப்பது காசநோயானால், காய்ச்சல் தணியும், பசி திரும்பும், சளியில் கிருமி தென்படாமல் போகும். சில வாரத்தில் நோய் மீண்டும் தலைதூக்கும். அதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்குப் பரவியிருக்கும். ஒற்றை மருந்தை மட்டும் சந்தித்த கிருமி அதற்கு எதிர்ப்பும் பெற்றிருக்கலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்கில், முன்னதாகக் குவினோலோன் உண்டவர்களுக்குக் காசநோய் கண்டறிந்து சிகிச்சை தொடங்குவது சராசரியாக 19 நாள் தள்ளிப்போயிற்று. இந்திய மார்புநோய் அமைப்புகள் இரண்டு சேர்ந்து 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, நிமோனியாவுக்கு ஆரம்ப மருந்தாகக் குவினோலோன் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. 2014 மார்ச் 1 முதல் லெவோஃபுளாக்சசின், மாக்சிஃபுளாக்சசின், செஃபிக்சிம் ஆகியவை எச்1 அட்டவணைக்குள் வந்தன: மருத்துவர் சீட்டு வேண்டும், விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம். அதைக் கடைவீதி வரை கொண்டுபோவதில்தான் உழைப்பு பாக்கி நிற்கிறது.

இந்த மாத்திரைகளை நேருக்கு நேர் மோதவிட்ட சோதனைகள் என்ன சொல்கின்றன? மருத்துவமனையில் சேராத நிமோனியா நோயாளிகளைப் பற்றிய சோதனைகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்து 2014-இல் புதுப்பித்தது. 11 சோதனைகள், 3,352 பேர். குணப்படுத்தும் திறனில் ஒன்று மற்றொன்றை வென்றதாகக் காட்ட முடியவில்லை. வேறுபட்டவை பக்கவிளைவுகளே. 2005-இல் வெளியான மற்றொரு தொகுப்பு 18 சோதனைகளில் 6,749 பேரை எடுத்து, வழமை மீறிய கிருமிகளையும் கொல்லும் மருந்துகள் பென்சிலின் குடும்பத்தைவிடச் சிறந்தவையா என்று பார்த்தது. தோல்வி விகிதம் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. மைக்கோபிளாஸ்மா உறுதியானவர்களிடம்கூட வேறுபாடு தெரியவில்லை. இளவயதினரிடம் அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். லெஜியோனெல்லா மட்டும் விதிவிலக்கு. அதற்கு மேக்ரோலைடோ குவினோலோனோ தேவை, அமாக்சிசிலின் உதவாது.

மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடமும் இதே போக்குதான். நெதர்லாந்தில் 2,283 பேரைக் கொண்டு நடந்த சோதனை 2015-இல் வெளியாயிற்று. பென்சிலின் குடும்பம் மட்டும், அதோடு மேக்ரோலைடு, குவினோலோன் மட்டும் என்ற மூன்று முறைகளில் 90 நாளில் இறந்தவர்கள் முறையே 9.0, 11.1, 8.8 விழுக்காடு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாதவர்களுக்கு எளிய முறை எந்த வகையிலும் தாழ்ந்ததில்லை என்பது அதன் தீர்ப்பு.

இந்தச் சோதனைகளின் குறையையும் மறைக்கக் கூடாது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் நிமோனியாவில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். இரண்டு மருந்துக்கு நடுவே உள்ள சிறு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பல ஆயிரம் பேர் வேண்டும். பல சோதனைகள் புதிய மருந்தை விற்கும் நிறுவனத்தின் செலவில், அது பழையதைவிட மோசமில்லை என்று காட்டுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. மலிவான டாக்சிசைக்கிளினுக்குப் பெரிய சோதனை நடத்த யாருக்கும் வணிக ஆர்வம் இல்லை. அதன் சான்று மெலிந்திருப்பதற்கு மருந்தின் குறை காரணமன்று. குணப்படுத்துவதில் மருந்துகள் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது, தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை மற்றவை: எந்தக் கிருமிக்கு எதிர்ப்பை வளர்க்கிறது, எந்த நோயை மறைக்கிறது, இதயத்தையும் தசைநாரையும் என்ன செய்கிறது என்பவை.

பிரிட்டனின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி லேசான நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் மூன்று வேளை ஐந்து நாள் என்றது. ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்கிளின் முதல் நாள் 200, பிறகு 100, அல்லது கிளாரித்ரோமைசின். அமெரிக்கா அதே ஆண்டில் அமாக்சிசிலின் 1 கிராம் மூன்று வேளை அல்லது டாக்சிசைக்கிளின் 100 இரண்டு வேளை என்றது. இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ளவர்களுக்கு '625' போன்றதோடு மேக்ரோலைடோ டாக்சிசைக்கிளினோ சேர்ப்பது, அல்லது குவினோலோன். இந்திய வழிகாட்டி வேறு நோய் இல்லாதவர்களுக்குப் பென்சிலின் குடும்பம் அல்லது மேக்ரோலைடு, நோய் உள்ளவர்களுக்கு இரண்டும் சேர்த்து என்றது. பென்சிலின் ஒவ்வாது என்று சீட்டில் எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோர் முறையாகச் சோதித்தால் ஒவ்வாமை இல்லாதவர்களே. சிறுவயதில் வந்த ஒரு தடிப்புக்காக வாழ்நாள் முழுவதும் வலிய மருந்துகளுக்குத் தள்ளப்படுவது வருந்தத்தக்கது.

எத்தனை நாள் என்பதிலும் பழைய நம்பிக்கை தளர்ந்துவிட்டது. பிரான்சில் மருத்துவமனையில் சேர்ந்து, மூன்று நாள் சிகிச்சையில் காய்ச்சல் தணிந்து நிலைப்பட்ட 300-க்கும் மேற்பட்டோரில், ஒரு பாதிக்கு மேலும் ஐந்து நாள் '625' போன்ற மாத்திரை, மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரை தரப்பட்டது. 15-ஆம் நாள் குணமானவர்கள் மூன்று நாளோடு நிறுத்தியவர்களில் 77 விழுக்காடு, எட்டு நாள் உண்டவர்களில் 68. குறைந்த நாள் எவ்விதத்திலும் தாழவில்லை. பத்து நாள் கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமி எதிர்ப்பு பெறும் என்ற அறிவுரைக்கு நெஞ்சுத் தொற்றில் ஆதாரம் இல்லை; நீண்ட நாள் உண்பதே எதிர்ப்பை வளர்க்கிறது. இதைக் காசநோய்க்குப் பொருத்திவிடக் கூடாது. அங்கே ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான்.

மூன்றாவது வகையான, நாள்பட்ட நுரையீரல் நோய் முற்றும் நிலைக்கு, 1987-இல் கனடாவின் வின்னிபெக் நகர ஆய்வு தந்த அளவுகோல் இன்றும் செல்லும். மூச்சுத்திணறல் கூடுதல், சளியின் அளவு கூடுதல், சளி சீழ்போல நிறம் மாறுதல் ஆகிய மூன்றும் இருந்தால் ஆன்டிபயாடிக் பலன் தருகிறது. ஒன்று மட்டும் இருந்தால் தருவதில்லை. அங்கும் அமாக்சிசிலினோ டாக்சிசைக்கிளினோ ஐந்து நாள் பெரும்பாலும் போதும்.

மாத்திரையோடு வீட்டில் வைத்திருக்கக் கூடாதவர்களை அடையாளம் காணப் படுக்கையருகே நான்கு கேள்விகள் போதும்: புதிதாகக் குழப்பம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேலா, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழோ கீழ் எண் 60 அல்லது அதற்குக் கீழோ இறங்கியிருக்கிறதா, வயது 65 அல்லது அதற்கு மேலா. ஒன்றுமில்லை என்றால் வீட்டுச் சிகிச்சை பொதுவாகப் பாதுகாப்பானது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் எண் தாழ்ந்தால் இந்தக் கணக்கைப் பார்க்காமலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நீரிழிவு உள்ளவர், மழைக்காலம், வயல் சேறு ஆகியவை ஒன்றுகூடும்போது மெலியாய்டோசிஸ் என்ற மண் கிருமி நோய் நிமோனியாவாக வரலாம். அமாக்சிசிலினும் மேக்ரோலைடும் அதைத் தொடா. செஃப்டாசிடிம் போன்ற ஊசி மருந்து தேவை.

சரியான மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். ஒரு வாரத்தில் காய்ச்சல் அறவே நிற்கும். நான்கு வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் நன்கு குறையும். இருமலும் இளைப்பும் ஆறு வாரம், களைப்பு மூன்று மாதம் வரைகூட இழுக்கலாம். இருமல் மிச்சமிருப்பது மட்டும் மாத்திரையை மாற்றக் காரணமாகாது. காய்ச்சல் தணியாதது காரணமாகும். அப்போது அடுத்த மாத்திரையைவிட எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் முன்னால் வர வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கும் 50 வயது தாண்டியவர்களுக்கும் ஆறாம் வாரம் மீண்டும் ஒரு எக்ஸ்ரே எடுப்பது, நிமோனியாவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் புற்றுநோயைக் கண்டுபிடிக்க உதவும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்காகச் சளியைச் சோதிப்பது இந்திய அரசின் நடைமுறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்கிறார்கள். அந்தச் சளி மாதிரி கையில் சேரும்வரை லெவோஃபுளாக்சசின் சீட்டில் ஏறாமல் இருக்க வேண்டும்.